காமர்ஸ் படிக்கிறவனுக்குக் கல்லீரல் எதுக்கு?

பத்தாம் வகுப்பு முடிஞ்சு காமர்ஸ் குரூப் எடுத்தவங்க எல்லாம் அறிவியல் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில போட்டுட்டோம். அதோட சரி. "உடம்பைப் பத்தி டாக்டருக்குத் தெரிஞ்சா போதாதா?"ன்னு கேட்பாங்க. போதாதுங்கறதுதான் என் கட்சி.

உதாரணத்துக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். எங்க திருநாவலூர் இருக்கிற இதே மாவட்டத்துல, கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல, 2024 ஜூன்ல விஷச்சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதுல இருந்தது மெத்தனால்.

மெத்தனால் உள்ளே போன உடனே கொல்றதில்லை. நம்ம கல்லீரல்தான் அதைக் கொடிய விஷமா மாத்துது. சாதாரண மதுவில் இருக்கிற எத்தனாலை உடைக்கிற அதே நொதி, மெத்தனாலை ஃபார்மால்டிஹைடு ஆக்கும். அது அப்புறம் ஃபார்மிக் அமிலமாகும். சில எறும்புகளோட விஷத்துல இருக்கிற அதே அமிலம்தான். இது சேரச் சேர, செல்களால ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாது. ரத்தத்துல அமிலம் ஏறும். பார்வை நரம்பு சீக்கிரமே அடிபடும்.

இந்த மாற்றம் மெதுவா நடக்கும், அதுதான் ஆபத்து. 12 மணி, 24 மணி நேரம்கூட பெருசா எதுவும் தெரியாம இருக்கலாம். அப்புறம்தான் வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல், மூச்சு வாங்கல் எல்லாம் வரும். "போதை தெளியலை, தூங்கினா சரியாயிடும்"னு படுக்க வைக்கத்தான் வீட்ல தோணும். ஆனா அந்த நேரத்துலதான் அமிலம் சேருது. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனா அந்த நொதியைத் தடுக்கிற மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு. ஆனா 108-க்கு போன் பண்ண வேண்டியது டாக்டர் இல்லையே, பக்கத்துல இருக்கிற நாமதானே?

இதனால சாராயம் வித்தவன் குற்றம் ஒரு துளியும் குறையாது. அது வேற கணக்கு.

நான் கேட்கிறது இதுதான்: ப்ளஸ் ஒன்னோ டிகிரியோ, எந்த குரூப்பா இருந்தாலும் வாரம் ஒரு மணி நேரம் உடம்புப் பாடம் வேணும். எலும்பு மொத்தம் 206ன்னு மனப்பாடம் பண்ண இல்லை. இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் என்ன வேலை செய்யுது, அது கெட்டா வெளியே என்ன தெரியும்? இவ்வளவு போதும்.

பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து கம்பெனி முழுகப் போறதைச் சொல்லப் படிக்கிறோம். பக்கத்து வீட்டு அண்ணன் "கண்ணு மங்கலா தெரியுதுப்பா"ன்னு சொன்னா, அதுக்கு என்ன அர்த்தம்னு தெரிய வேண்டாமா?