முடிவிலாக் கதைகள்

கதை கேட்கும் விருப்பம் மக்கட்கு இயற்கை. தொடங்கிய கதையின் முடிவை அறிய விழைதலும் அவ்வாறே இயற்கையாம். அம்முடிவை என்றும் தாராது, படிப்போரைப் பல்லாண்டு காத்திருக்கச் செய்யும் கதைவகை ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. அதனைச் 'சூப்பர் ஹீரோ காமிக்ஸ்' என வழங்குவர். 1938ஆம் ஆண்டில் ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இளைஞர் இருவர் படைத்த சூப்பர்மேன் முதலாக இச்சித்திரக்கதைகள் இன்றுகாறும் வெளிவந்துகொண்டிருக்கின்றன. இவை சிறுவர் விளையாட்டென்று இகழ்ந்து ஒதுக்குவாரும் உளர். யாம் அக்கூற்றிற்கு உடன்படோம். இவற்றை விரும்பிப் படிப்பவராதலின், இவற்றின்கண் உள்ள பெருங்குறை ஒன்றனை எடுத்துரைத்தல் எம் கடமையெனக் கருதுகின்றோம்.

இக்கதைகட்குத் தனியியல்பு ஒன்று உண்டு. ஒரு பதிப்பகத்தார் வெளியிடும் கதைகளுட் பெரும்பாலன ஒரே உலகத்தில் நிகழ்வனவாகக் கொள்ளப்படும். ஓரிதழில் நேர்ந்தது மற்றையிதழிலும் நேர்ந்ததேயாம். சென்ற ஆண்டிற் பகைத்தவர் இவ்வாண்டில் அப்பகையை மறவாதே எதிர்ப்படுவர். இதனைத் தொடர்ச்சி என்பர். வாசகர் திங்கள்தோறும் காசு கொடுத்து வாங்குவது இத்தொடர்ச்சியை நம்பியே. ஆயினும், கதைத்தலைவன் மூத்துத் தளர்ந்தால் வாணிகம் கெடும் என்று பதிப்பாளர் அஞ்சுகின்றனர். ஆகவே, காலம் ஓடவும் வேண்டும், ஓடாது நிற்கவும் வேண்டும். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கதையில் 1968ஆம் ஆண்டிற் பிறந்த ஃபிராங்க்ளின் ரிச்சர்ட்ஸ் இன்னும் பள்ளிப் பருவத்தைக் கடந்திலன். அவன் பிறந்த ஆண்டிற் பிறந்த வாசகரோ இன்று பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சுகின்றனர்! இம்முரண்பாடே ஏனைக் குறைகட்கெல்லாம் வேராகும்.

இதனை விளக்க ஒரு கதை போதும். மின்னலினும் கடுகி ஓடும் ஆற்றலுடைய 'ஃபிளாஷ்' என்னும் வீரன் 1940ஆம் ஆண்டில் தோன்றினான். அவன் இயற்பெயர் ஜே கேரிக். 1956ஆம் ஆண்டில் அப்பெயரைப் பேரி ஆலன் என்னும் புதியவனுக்குச் சூட்டினர். பேரி, ஜேயின் வரலாற்றைச் சித்திரக்கதையாகப் படித்தவன் என்பது ஆசிரியர் வகுத்த அமைப்பு. 1961ஆம் ஆண்டில் இருவரும் சந்திக்க வேண்டுமென விரும்பி, அவர்கள் வெவ்வேறு உலகத்தினர் என்றனர். இரண்டாகிய உலகங்கள் பின்னர்ப் பலவாய்ப் பெருகின. பெருகியவற்றை ஒன்றாக்கும் பொருட்டு 1985ஆம் ஆண்டு தொடங்கிப் பன்னிரண்டு இதழ்களில் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்னும் பெருங்கதையை வெளியிட்டனர். அதன் எட்டாம் இதழில், உலகங்களைக் காக்கும் பொருட்டுப் பேரி தன் உயிரை ஈந்தான்.

அதன்பின் நிகழ்ந்ததே இவ்வகைக் கதைகளின் உண்மையான சிறப்பு. பேரியின் மாணவனாய், சிறுவனாய் உடன் ஓடிய வாலி வெஸ்ட் ஆசிரியனின் உடையை அணிந்து அவன் பெயரைத் தாங்கினான். அவனுக்கு நிகராவேனோ என்று முதலில் அஞ்சினான், பிறகு தேறினான், லிண்டா என்பாளை மணந்து இரு மக்கட்குத் தந்தையானான். இருபதாண்டிற்கு மேலாக வாலியே ஃபிளாஷாக விளங்கினான். அவனோடு வளர்ந்த வாசகர் பலர். ஒருவன் இறக்க, மற்றொருவன் அவன் பணியை ஏற்று நிறைவேற்றுதல் உலகியல் அன்றோ? அவ்வுலகியல் கதையினுள் புகுந்தமையால் கதை உயிர் பெற்றது.

ஆயின், 2008ஆம் ஆண்டிற் பேரி திரும்பிவந்தான். ஆசிரியன் வரவே மாணவன் ஒதுங்க நேர்ந்தது. 2011ஆம் ஆண்டில் உலகம் முழுவதையும் புதிதாகத் தொடங்கி, இதழ்கட்கெல்லாம் மீண்டும் ஒன்று என எண்ணிட்டனர். அப்புதிய உலகில் நாம் அறிந்த வாலி இல்லை, அவன் மணமும் இல்லை, மக்களும் இல்லை. இறந்தான் எனினும் அழலாம். பிறந்திலன் என்றால் யாது செய்வது? 2016ஆம் ஆண்டில் அவனை மீட்டபொழுது, உலகில் எவரும் அவனை அறிந்திலர். காதல் மனைவியும் யாரோ என நோக்கினாள். இறுதியிற் பேரி ஒருவனே அவனை நினைவுகூர்ந்து தழுவிக்கொண்டான். அவ்விதழைப் படித்துக் கலங்கிய வாசகர் பலர் எனின் வியப்பில்லை. உண்மையில் ஐந்தாண்டு அவனை மறவாதிருந்தவர் அவ்வாசகரேயன்றோ? மறந்தவர் பதிப்பாளர், நினைந்தவர் படிப்பாளர்.

பிறவும் இத்தகையனவே. சூப்பர்மேன் 1992ஆம் ஆண்டில் மாண்டு 1993ஆம் ஆண்டில் மீண்டான். பேட்மேனுடைய துணைவனாகிய ஜேசன் டாட் என்னும் சிறுவன் வாழ்வதா சாவதா என்பதை 1988ஆம் ஆண்டிற் தொலைபேசி வாக்கெடுப்பால் முடிவு செய்தனர். சாக என்றவை 5,343, வாழ்க என்றவை 5,271. எழுபத்திரண்டு வாக்குகளால் மாண்ட அவனையும் 2005ஆம் ஆண்டில் உயிரோடு கொணர்ந்தனர். ஸ்பைடர்மேன் 1987ஆம் ஆண்டில் மணம் புரிந்தான். தன்னை வளர்த்த பெரியன்னையின் உயிரைக் காக்கும் பொருட்டுப் பேயொன்றனோடு உடன்படிக்கை செய்து அம்மணத்தை இழந்ததாக 2007ஆம் ஆண்டில் எழுதினர். இருபதாண்டு இல்லறம் ஒரு கதையில் அழிந்தது.

"உயிர்த்தெழுதல் நம் விசுவாசத்திற்கே அடிப்படையாயிருக்க, இறந்தார் எழுதலை நீவிர் குறைகூறுவதெங்ஙனம்?" என்று இக்கல்லூரி நண்பர் எம்மை வினவலாம். நல்ல வினாவே. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் கைகளிலுள்ள காயங்களைத் தோமாவுக்குக் காட்டினார் என்று யோவான் சுவிசேஷம் கூறுகின்றது. சிலுவை நிகழாததாக ஆக்கப்படவில்லை. அதன் வடு உயிர்ப்பிலும் நிலைத்தது. அதனாலன்றோ தோமா நம்பினார்? யாம் குறைகூறுவது எழுதலை அன்று, வடுவின்றி எழுதலை. முன்னர்ச் சிந்திய கண்ணீரைப் பொய்யாக்கும் மீட்சி, மீட்சியாகாது.

பதிப்பாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. எண்பதாண்டுக் கதையனைத்தையும் படித்தபின்னரே புதியவன் உட்புக இயலும் எனின், எவனும் புகான். இவ்வீரர்கள் எழுதுவோர்க்கு உரியரல்லர், பதிப்பகத்திற்கு உரியர். ஒருவர் எழுதி விலக மற்றொருவர் வருவர். வருபவர் தாம் இளமையிற் கண்ட வீரனையே மீண்டும் காண விழைவர். இவையெல்லாம் உண்மை. ஆயினும், நெடுங்கதை காலத்தோடு நடக்கவே இயலாதென்பது உண்மையன்று. ஃபிராங்க் கிங் 1918ஆம் ஆண்டில் தொடங்கிய 'கேசலின் ஆலி' என்னும் செய்தித்தாட் சித்திரக்கதையில், 1921ஆம் ஆண்டிற் வாசற்படியிற் கிடந்த குழவி வளர்ந்து, இரண்டாம் உலகப்போரிற் பணிபுரிந்து, மணந்து, மூத்தது. இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டு முதல் வெளிவரும் 'ஜட்ஜ் டிரெட்' கதையில் நமக்கு ஓராண்டு கழியின் அவனுக்கும் ஓராண்டு கழியும். இவற்றைப் படிப்பாரும் குறைந்திலர்.

தமிழ் பயிலும் எமக்கு இரட்டைக் காப்பியங்களும் நினைவிற்கு வருகின்றன. இளங்கோவடிகள் விட்ட இடத்திற் சாத்தனார் தொடர்ந்தார். எழுதினவர் வேறு, நோக்கமும் வேறு. எனினும், கோவலன் மீண்டும் புகார் நகர்க்கு வந்து வாணிகம் நடத்தினான் எனச் சாத்தனார் பாடினாரல்லர். அவன் இறப்பே மாதவியைத் துறவறத்தில் நிறுத்தியது. மணிமேகலையின் வாழ்வும் அதனின்றே தொடங்கியது. முன்னோன் எழுதிய துயரைப் பின்னோன் மதித்தான். அதனால் இரண்டு நூலும் வாழ்கின்றன.

கதைகளால் நாம் கற்பது யாது? செய்த செயலுக்குப் பயன் உண்டு, கொடுத்த உயிருக்கு விலை உண்டு என்பதேயன்றோ? எச்செயலையும் அடுத்த ஆண்டில் அழித்துவிடலாம் எனின், வீரனின் தியாகம் வெறும் வேடமாகும். உலகைக் காத்தலினும் அரிது, காத்தவனை மறவாமை. வாலி வெஸ்ட் 2021ஆம் ஆண்டில் மீண்டும் முதன்மை ஃபிளாஷாக ஓடத் தொடங்கினான். இம்முறையேனும் அவன் மூக்கட்டும். தன் உடையைத் தன் மக்கட்கு அளிக்கட்டும். முடிவு வருங்கால் அம்முடிவு நிலைக்கட்டும். கதையை முடிக்கும் துணிவு எழுதுவோர்க்கு உண்டாகுக!