ஐயாவின் துவக்கு

1990 இல் தெல்லிப்பழையிலிருந்து வன்னிக்குப் போய், காணி விடுபட்டபின் திரும்பும் சகோதரிகள் என்னிடம் கேட்பது: “ஐயா பன்றிக்கு வைத்திருந்த துவக்கையும் சாமானோடு ஏற்றலாமோ, அக்கா?”

ஏற்றவேண்டாம். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் ஆளுக்குத்தான், வீட்டுக்கல்ல. ஒவ்வொரு டிசம்பர் 31 உடனும் அது முடிந்துவிடும். பயிர்காவல் துவக்கென்றால் வழங்குபவர் மாவட்டச் செயலாளர். ஐயா காலமானால் பத்திரம் உங்களுக்கு வராது. அலுமாரிக்குப் பின்னால் கிடக்கும் துவக்குக்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லவேண்டும். 1996 இல் தண்டனையையும் கூட்டிவிட்டார்கள்.

ஐயா இருந்தால், பத்திரம் தந்த கச்சேரிக்கு இடமாற்றத்தை எழுத்தில் அறிவித்து, பதில் வரும்வரை பொறுங்கள். இல்லையென்றால், பொலிசுக்கு முதலில் பழைய பத்திரத்தை மட்டும் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். தனியே போகப் பயந்தால் கிராம சேவகரைக் கூட்டிச் செல்லலாம். துவக்கை அவர்கள் சொல்லும் விதத்தில் ஒப்படையுங்கள். பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பவேண்டாம்.