வேலியே பயிரை மேய்ந்தால்

சட்டத்தைக் காப்பதாகப் பிரமாணம் செய்து பதவியேற்ற ஜனாதிபதியே நியாய விசாரணைக்குக் குறுக்கே நின்றால், அவர்மீது குற்றஞ்சாட்டிப் பதவியிலிருந்து விலக்கலாமா? அமெரிக்காவைக் கலக்கிய கேள்வி இது.

அந்நாட்டு அரசியல் சட்டம் இராஜத் துரோகம், லஞ்சம், மற்றப் பெருங் குற்றங்கள் என்று பொதுப்படச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. பிரதிநிதி சபை குற்றஞ்சாட்ட வேண்டும்; ஸெனட் சபை மூன்றில் இரண்டு பங்கு வாக்கினால் தீர்ப்பளிக்க வேண்டும்.

1972 ஜூன் மாதம் வாட்டர்கேட் கட்டடத்தில், எதிர்க்கட்சிக் காரியாலயத்தில் புகுந்த ஐவர் பிடிபட்டனர். ஆறாம் நாள், உளவு இலாகாவைக் கொண்டு புலன் விசாரணையைத் தடுக்கும் யோசனைக்கு ஜனாதிபதி நிக்ஸன் இசைந்தார். அந்தச் சம்பாஷணை அவருடைய ஒலிப்பதிவு நாடாவிலேயே பதிவாகியிருந்தது! 1973 அக்டோபரில், நாடாக்களைக் கேட்ட விசேஷ வழக்கறிஞர் காக்ஸையும் நீக்கச் செய்தார்.

"உத்தியோகஸ்தரை நீக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டே, உள்ள அதிகாரத்தைச் செலுத்துவது குற்றமாகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கோயில் தர்மகர்த்தாவுக்கும் கணக்கப்பிள்ளையை நீக்க அதிகாரம் உண்டுதான். தம்முடைய கையாடலைக் கண்டுபிடித்துவிட்டார் என்பதற்காகவே கணக்கப்பிள்ளையை நீக்கினால், ஊரார் அதை அதிகாரம் என்பார்களா, அக்கிரமம் என்பார்களா? அதிகாரம் இருந்ததா என்பதோடு, அது எதற்காகச் செலுத்தப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

1974 ஜூலை 24-ல், நாடாக்களை ஒப்படைக்கும்படி உச்ச நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. மூன்று நாள் கழித்து, பிரதிநிதி சபையின் நீதிக் கமிட்டி, நியாயத்தைத் தடுத்த குற்றச்சாட்டை 27-க்கு 11 வாக்குகளால் ஏற்றது. ஆகஸ்டு 9-ல், முழுச் சபையும் வாக்களிக்குமுன்பே நிக்ஸன் விலகினார்.

1998-ல் ஜனாதிபதி கிளிண்டன்மீது, தம்மைப் பற்றிய வழக்கில் நியாயத்தைத் தடுத்தார் என்று பிரதிநிதி சபையே குற்றஞ்சாட்டியது. 1999 பிப்ரவரியில் ஸெனட் சபை 50-க்கு 50 என்று சரிபாதியாகப் பிரிந்தது. தேவையான 67 வாக்குகள் கிட்டாமையால் அவர் பதவியில் நீடித்தார்.

ஆகவே, குற்றஞ்சாட்டலாம் என்பதில் ஐயமில்லை. பதவி போகுமா என்பது வேறு விஷயம். நிக்ஸன்மீதான குற்றச்சாட்டை ஆதரித்த 27 பேரில் அறுவர் அவருடைய கட்சியினர். சட்டப் புத்தகம் வழியைத்தான் காட்டும். அவ்வழியில் நடக்க, சொந்தக் கட்சியின் கோபத்துக்கு அஞ்சாத சிலராவது வேண்டும்.