மலையிறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை ஓட்டுநர்களிடம் இன்றும் வலுவாக இருக்கிறது. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்குவது போன்ற வளைந்து நெளிந்த மலைச்சாலையில் அந்த நம்பிக்கை காசையும் வீணாக்கும், உயிருக்கும் உலை வைக்கும். கார்புரேட்டர் இருந்த பழைய பெட்ரோல் வண்டிகளில் அதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. இன்றைய வண்டிகளில் எரிபொருளைக் கணினி அளந்து செலுத்துகிறது. கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். அந்த நேரத்தில் எரிபொருள் அறவே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் எரிந்தாக வேண்டும். லேசான சரிவில் நியூட்ரலில் வண்டி கூடுதல் தூரம் உருளும் என்று வாதிடுவோர் உண்டு. உண்மைதான். ஆனால் பிரேக்கை மிதித்தே தீர வேண்டிய மலைச்சரிவில் அந்தக் கணக்கு எடுபடாது. பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுந்து, சூடேறி, பிடிமானம் தளர்ந்துவிடும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது அதைவிடக் கொடுமை: பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் இன்ஜின் தரும் துணை போய்விடுகிறது.

சாலையைச் செப்பனிடாமல் ஓட்டுநருக்குப் பாடம் நடத்துவது முறையா என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. குண்டும் குழியும் டீசலைக் குடிக்கும், அதைச் சரிசெய்வது அரசின் கடமை. ஆனால் நல்ல சாலையிலும் விரயம் நடக்கிறதே! சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் 40 கிலோமீட்டரை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 30 நிமிடம் ஆகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 24 நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்காக, காற்றின் எதிர்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கிக்கொள்கிறோம். டயரில் காற்று குறைந்திருந்தால் இழப்பு இன்னும் கூடும், டயரும் சீக்கிரம் தேயும். நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி என்பது ஒருபுறம் இருக்கட்டும். மலையில் விளையும் மரவள்ளியைக் கீழே கொண்டுவரும் வண்டி வாடகையில் டீசல் செலவு அடங்கியிருக்கிறது. அந்தச் சுமை கடைசியில் விவசாயியின் தலையில்தான் இறங்குகிறது.

எரிபொருள் சிக்கனத்தை வளர்ப்பதற்காக மத்திய அரசு 1978-இல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கியது. போக்குவரத்துக் கழக ஓட்டுநர்களுக்கு அது சிக்கன ஓட்டப் பயிற்சி அளித்துவருகிறது. பிக்கப்பும் வேனும் ஓட்டுவோருக்கு அதே பயிற்சி வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து யார் வருவார்கள் என்ற தயக்கம் சரியானதே. ஆகவே வகுப்பு வெள்ளிமலைக்கே போகட்டும், வருகிறவருக்கு அன்றைய கூலியை அரசு கொடுக்கட்டும். மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்குகளில் இலவசக் காற்று இயந்திரம் எந்நாளும் இயங்குகிறதா என்பதை மாவட்ட நிர்வாகம் நேரில் சோதிக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத் தேர்வில் மலையிறக்கக் கியர் பற்றிய கேள்வி கட்டாயம் இடம்பெற வேண்டும்.