ஏலத்தைச் சங்கத்தின் கையில் கொடுங்கள்

மாண்புமிகு தமிழ்நாடு மீன்வளத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

சென்னை கல்மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களைச் சந்தைக்குத் தயார்படுத்தப்போவதாக அரசுகள் பேசுகின்றன. அதற்குமுன் காசிமேட்டு மீன் ஏலத்தை நீங்கள் ஒருமுறை அருகில் நின்று பார்க்க வேண்டும்.

பல ஃபைபர் படகுகளின் மீன் யார் கைக்குப் போகும் என்பது, படகு கரை சேருமுன்பே முடிவாகியிருக்கும். எஞ்சினுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்தவரே ஏலம் விடுவார். கமிஷனைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். கடன் தீரும்வரை படகுக்காரர் வேறு ஆளிடம் போக முடியாது. அந்த ஏலத்தில் கூடை எடுக்கும் பெண்களில் பலர் தினவசூல் கடனாக வாங்கிய தண்டல் பணத்தோடு நிற்கிறார்கள். கல்மண்டபம் மார்க்கெட்டில் கூறு போட்டு விற்று, வட்டியும் கட்ட வேண்டும். சங்கமோ இவர்களில் பெரும்பாலோருக்கு மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தின்போது மட்டுமே நினைவுக்கு வருகிறது.

இந்த நிலையில் சந்தையைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? 2013 ஜனவரியில் பார்த்தோம். மொத்தமாக டீசல் வாங்குவோர் சந்தை விலை தர வேண்டும் என்றது ஒன்றிய அரசு. மீனவர்களுக்கான டீசல் பங்க்குகளும் அதில் சிக்கின. லிட்டருக்கு ஏறக்குறைய 10 ரூபாய் கூடுதல். சேர்ந்து வாங்கியதற்கே தண்டனை!

2025 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட புதிய மீன்பிடி விதிகள், ஆழ்கடலில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை என்கின்றன. வரவேற்கிறேன். ஆனால் கைமுதல் இல்லாத சங்கம் ஆழ்கடல் கப்பலுக்கு எங்கே போகும்? பணம் போட வருபவர் சங்கத்தின் பெயரை மட்டும் வாங்கிக்கொள்வார். 1991-ல் வெளிநாட்டுக் கூட்டு நிறுவனங்களுக்கு ஆழ்கடலைத் திறந்துவிட்டதை எதிர்த்து, 1994-ல் மீனவர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நிறுவனங்களின் உரிமங்களை ரத்து செய்யும்படி, ஒன்றிய அரசு அமைத்த முராரி குழுவே பரிந்துரைத்தது. அதே முதலீடு இம்முறை சங்கத்தின் பெயரில் வந்துவிடக் கூடாது.

வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த ஊர்ச் சங்கங்கள் கரையிலேயே ஏலம் விடுகின்றன. விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கும், ஒரு பங்கு சேமிப்புக்கும், சிறு பங்கு சங்கச் செலவுக்கும் போகிறது. மீன் படாத நாளில் பிடித்தம் கிடையாது. நன்றாகப் பட்ட நாளில் கடன் வேகமாகக் குறைகிறது. மீனவர் வாழ்க்கையை அறிந்தவர்கள் வகுத்த கணக்கு அது.

ஆகவே கேட்கிறேன்:

ஒன்று, படகுக்காரர்களின் முன்பணக் கடனை அடைக்கச் சங்கங்களுக்குக் குறைந்த வட்டியில் நிதி கொடுங்கள்.

இரண்டு, காசிமேட்டில் சங்கம் ஏலம் விடுவதற்குத் தனி இடம் ஒதுக்குங்கள்.

மூன்று, மீன் விற்கும் பெண்களுக்குத் தண்டலுக்கு மாற்றாகச் சங்கத்திலேயே அன்றாடக் கடன் கிடைக்கச் செய்யுங்கள்.

நான்கு, சங்கத்தின் பெயரில் வாங்கப்படும் ஒவ்வொரு ஆழ்கடல் கப்பலிலும் யார் பணம் இருக்கிறது என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

விலை பேசும் உரிமை மீன் பிடித்தவருக்கு வந்தபிறகு எந்தச் சந்தையையும் திறந்துவிடுங்கள். அதுவரை சீர்திருத்தத்தின் பலன் முன்பணம் கொடுத்தவருக்கே போய்ச் சேரும். இதை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கல்மண்டபம்வாசி ஒருவர்