மெகாபிக்சலைப் பார்த்து மயங்காதீங்க!

பழைய டிஜிட்டல் கேமராவுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கு. ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் ஒரு வார்த்தை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா ஓவர்டைம் பார்த்த காசு அது!

போஸ்ட்கார்டு அளவு பிரிண்டுக்கு 3 மெகாபிக்சலே தாராளம். பார்க்க வேண்டியது பேட்டரியைத்தான். தனி பேட்டரி மாடல் என்றால், அது செத்ததும் மாற்று தேடி அலையணும். 2009-ல் வந்த கேனான் பவர்ஷாட் ஏ480-க்கு இரண்டு பென்சில் செல் போதும். (சாதா செல் சீக்கிரம் படுத்துடும், ஆல்கலைன் போடுங்க.) 3.3 மடங்கு ஆப்டிகல் ஜூமும் உண்டு. டிஜிட்டல் ஜூமை நம்பாதீங்க, அது படத்தை வெட்டிப் பெரிசாக்குறது, அவ்வளவுதான்.

இருட்டில் மட்டும் ஏ480 சொதப்பும், படம் புள்ளி புள்ளியாக வரும். நம்ம விளையாட்டு விழா பகலில்தானே! என் ஓட்டு இதுக்குத்தான். காசு கொடுக்கும் முன், லென்ஸ் சிக்காமல் வெளியே வந்து உள்ளே போகுதானு பாருங்க.