எழுதும் கை ஓய்ந்திருக்கலாமா?

டயாலிசிஸ் சிகிச்சைக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை வருவோர், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் படுக்கையில் இருக்கின்றனர். ஊசி செலுத்துவதற்கான இரத்தக்குழாய் இணைப்பை, இயன்றவரை எழுதாத கையிலேயே அமைப்பது வழக்கம். ஒரு கை அசையாதிருக்க, எழுதும் கை ஓய்வாக இருக்கும். அந்தக் கையில் ஒரு பேனாவைக் கொடுக்கவேண்டும் என்பதே என் கருத்து.

"எனக்கு எழுத வராதே" என்று சிலர் தயங்கக்கூடும். இது இலக்கியப் போட்டியன்று. பிழை திருத்துவோரும் மதிப்பெண் இடுவோரும் இங்கு இலர். நாட்பட்ட நோயுற்றோர் பலர், மருத்துவரிடமும் வீட்டாரிடமும் "பரவாயில்லை" என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கின்றனர். வீட்டாரோ நோயாளியின் முன் கலங்கக்கூடாதென்று புன்னகைக்கின்றனர். ஒருவரையொருவர் காக்க எண்ணி இருசாராரும் தனித்தனியே வருந்துகின்றனர். இந்த மௌனம் நோயைக் காட்டிலும் கனமானது.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் பாதித்த நிகழ்வுகளையும் அவை எழுப்பிய உணர்வுகளையும் நாளுக்கு 15 நிமிடம் வீதம் 4 நாள்கள் எழுதிய மாணவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. 1999இல் வெளியான மற்றோர் ஆய்வில், இவ்வாறு 3 நாள்கள் எழுதிய ஆஸ்துமா, முடக்குவாத நோயாளிகளிடம் 4 மாதங்களுக்குப் பின் முன்னேற்றம் காணப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அனைத்தும் இதே அளவு பயனைக் காட்டவில்லை. எழுத்து மருந்துக்கு மாற்றன்று. பழுதுபட்ட சிறுநீரகத்தை அது சீராக்காது. எனினும் நோயோடு வாழும் மனத்திற்கு அது ஓர் ஊன்றுகோல்.

தொடங்குவதற்கு மூன்று பயிற்சிகள் போதும். நோயை அழையா விருந்தாளியாகக் கருதி அதற்கொரு கடிதம் எழுதுங்கள், கடிந்துகொள்ளவும் தடையில்லை. அளவாகத்தான் நீர் அருந்தவேண்டும் என்ற கட்டுப்பாட்டில் வாழும் நீங்கள், தாகத்தைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுங்கள். அதை உங்களைவிட அறிந்தவர் யார்? அடுத்து, அருகில் அமர்ந்திருக்கும் துணைவரின் கண்வழியே இந்த நாளை எழுதுங்கள். துணைவரும் உங்கள் கண்வழியே எழுதட்டும். எழுதவியலாதோர் சொல்லச் சொல்ல, வீட்டார் எழுதிக்கொள்ளலாம்.

எழுதிய பின் சிறிது நேரம் மனம் கனப்பது இயல்பு. அக்கனம் நாள்கணக்கில் நீடித்தாலோ, வாழ்வில் வெறுப்புத் தோன்றினாலோ, எழுதுவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடமோ செவிலியரிடமோ கூறுங்கள். எழுதியது எழுதியவருக்கே உரியது. அவர் இசைவின்றி வீட்டாரும் படிக்கலாகாது.

அடுத்த முறை வரும்போது, மருந்துச்சீட்டோடு சில வெள்ளைத் தாள்களும், அவற்றைச் செருக ஒரு பரீட்சை அட்டையும் கொண்டுவாருங்கள். எழுதியவற்றுள் ஒரு வரியை எங்களிடம் காட்ட விரும்பினால் காட்டுங்கள். "பரவாயில்லை" என்பதைக் காட்டிலும் அந்த ஒரு வரி சிகிச்சைக்குப் பெரிதும் உதவும்.